காது நுனியும் ஒன்றேகால் சென்டிமீட்டரும்

படம் கழுவுகிற ஹைப்போ நெடி மூக்கில் ஏற, ஈரம் சொட்டும் படத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஸ்டுடியோ வாசல் வெயிலில் நின்றேன். ஆட்டின் காது ஒவ்வொரு மயிரையும் எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குத் துல்லியமாக விழுந்திருந்தது. எனக்கு வேண்டிய நுனி மட்டும் படத்தின் மேல்விளிம்புக்கு அப்பால் போய்த் தொலைந்திருந்தது. மற்ற பதினொன்றையும் நெகட்டிவில் தூக்கிப் பார்த்தேன். பன்னிரண்டிலும் அதே கதை. ஆனால் எடுக்கும்போது கேமராவுக்குள் குனிந்து பார்த்த என் கண்ணில் அந்த நுனி இருந்தது, சத்தியமாக இருந்தது.

"அவன் காத அறுத்துட்டான்னு படம் புடிக்கப் போன. நீ அவனுக்கு மேல அறுத்துட்டு வந்திருக்கியேட்டி" என்றார் ஸ்டுடியோக்காரர் செல்லையா அண்ணாச்சி, இருட்டறைத் திரையை விலக்கிக்கொண்டு.

கோபம் வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்வது என் பழக்கம். மூடிய கண்ணோடு கட்டைவிரலைத் தூக்கி, எதிர்க்கடைப் பலகையில் இருந்த ஓர் எழுத்தை மறைத்தேன். கண்ணை மாற்றி மூடியதும் விரல் இரண்டு எழுத்து தள்ளிப் போய் நின்றது. மறுபடி மாற்றினேன், மறுபடி தாவியது. விரலை மூக்கருகே கொண்டுவரக் கொண்டுவர அதன் தாவல் கூடிக்கொண்டே போனது. எங்கள் கேமராவுக்கும் இரண்டு கண், ஒன்றன்மேல் ஒன்றாக. நான் பார்ப்பது மேல்கண்ணால். பிலிம் பார்ப்பது கீழ்க்கண்ணால். தூரத்துக் கல்யாணக் கூட்டத்துக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. சாண் தூரத்து ஆட்டுக் காதுக்கு அது நுனியையே விழுங்கிவிடும். நடுத்தெருவில் நின்று நான் சிரித்ததைப் பார்த்து, வெயில் தலைக்கேறிவிட்டது என்று அண்ணாச்சி நினைத்திருப்பார்.

ஓர் ஆட்டுக் காதுக்காகப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏன் அப்படித் தவித்தாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

கோவில்பட்டியில் என் வகுப்பில் பக்கத்து இடம் மாரியம்மாளுக்கு. பசுவந்தனைப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவர்கள் வீட்டில் ஆடுதான் எல்லாம். சோளமும் கம்பும் அறுத்த கரிசல் காடுகளில் உரத்துக்காக ராத்தங்கலுக்கு ஆடு மறிப்பதை அங்கே 'கிடை' என்பார்கள். பத்து வீட்டு ஆட்டை ஒன்றாகச் சேர்த்துக் காடு காடாகக் கொண்டுபோகிற பொறுப்பாளி 'கீதாரி'. அந்தப் பக்கம் பெரும்பாலும் கன்னி ஆடு: உடம்பெல்லாம் கறுப்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. நூறு ஆடு சேர்ந்து நின்றால் தாய்க்கே குட்டி தெரியாது என்பார்கள். அதனால் வீட்டுக்கு வீடு காதில் ஒரு வெட்டு அடையாளம் உண்டு. மாரி வீட்டு அடையாளம் இடது காது நுனியில் நெல்மணி நீளத்துக்கு ஒரு பிளவு. கீதாரி சங்கரபாண்டி வீட்டு அடையாளம் 'மொட்டைக் காது', அதாவது இடது காது நுனியை நேராக அறுத்துவிடுவது.

இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் நடந்தது விளங்கும். பிளவு இருந்த நுனியை நேராக அறுத்துவிட்டால் மாரி வீட்டு ஆடு கீதாரி வீட்டு ஆடாகிவிடும். அந்தத் தை மாதம் கிடை பிரிந்தபோது மாரியின் அப்பாவுக்கு நாலு ஆடு குறைந்தது; கீதாரியின் மந்தையில் புதுசாக நாலு மொட்டைக் காது கூடியது. ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டார்கள். ஊர்த் திருவிழாவான கோயில் கொடை முடியட்டும், அப்புறம் கூடிப் பேசலாம் என்று கீதாரி தவணை வாங்கிவிட்டார். கொடைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. பதினெட்டு நாளில் அறுத்த இடம் ஆறி, மயிர் முளைத்து, பிறவியிலேயே மொட்டை என்பதுபோல ஆகிவிடும்.

மாரி அழவில்லை. மதியச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "நாலும் திரும்புனா பள்ளிக்கூடம், இல்லன்னா கொடை முடிஞ்ச திங்கக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ் வண்டில ஏறிருன்னு அய்யா சொல்லிட்டாவ." எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை அப்படித்தான் 'ஆபீஸ்' என்று மரியாதையாகச் சொல்வோம். விடிகாலையில் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி அது. கணக்கில் வகுப்பிலேயே எனக்குப் போட்டி என்று ஒருத்தி இருந்தாள் என்றால் அவள்தான். அவளைக் குச்சி அடுக்கவிட எனக்கு மனமில்லை.

"இப்பவே படம் புடிச்சு வச்சிருவோம்" என்றேன். "காயம் ஆறும், படம் ஆறாதுல்லா."

அப்பாவிடம் ஒரு ஜப்பான் கேமரா இருந்தது. மணியாச்சி ரயில் நிலையத்தில் வேலை பார்த்த அவர், தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கிய ஒருவரிடம் கைமாற்றி வாங்கியது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ், தலைப்பக்கம் ஒரு மூடி. மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் சதுரக் கண்ணாடியில் உலகம் வலது இடது மாறித் தெரியும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். வீட்டில் என்னைத் தவிர யாரும் அதைத் தொட ஆசைப்பட்டதில்லை, எனக்கோ மாதம் ஒரு சுருள் அனுமதி. அப்பாவின் ஒரே கட்டளை, மூன்றடிக்கு உள்ளே போகாதே, படம் மங்கும் என்பதுதான். செல்லையா அண்ணாச்சியும் அதையே சொன்னார்: "அது கல்யாணம் காச்சிக்கு உள்ள கேமராட்டி. ஆட்டுக் காதுக்கெல்லாம் அது குனியாது."

குனிய வைத்தேன். சந்தையில் சாக்கு விரித்து விற்கிறவரிடம் வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்று வாங்கினேன், 'ப்ளஸ் நாலு'. சட்டத்தை உடைத்து இரண்டு கண்ணாடியையும் கழற்றி, அட்டையில் ஓட்டை போட்டு, கேமராவின் மேல்லென்ஸுக்கு ஒன்று, கீழ்லென்ஸுக்கு ஒன்று என்று பொருத்திக் கட்டினேன். இருபத்தைந்து சென்டிமீட்டரில், அதாவது ஒரு சாணும் இரண்டு விரலும் தள்ளி, எல்லாம் ஊசிபோலத் தெளிந்தது. தூரம் தவறாமல் இருக்க அந்த அளவுக்கு ஒரு சோளத்தட்டையை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை கீதாரி கயத்தாற்றுக்குப் போகிற நாள். மதியம் மந்தை கண்மாய்க் கரை உடைமர நிழலில் படுத்திருக்கும். காவலுக்கு மாரிக்குத் தூரத்து மாமா முறையுள்ள பாண்டி மட்டும். அவர் எங்களைப் பார்த்ததும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

"நான் தூங்குதேன். தூங்குதவன் எதையும் பாக்க மாட்டான்" என்று துண்டுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

அந்தச் சனிக்கிழமை எடுத்த பன்னிரண்டும்தான் ஸ்டுடியோ வாசலில் நான் தூக்கிப் பார்த்த நுனியில்லாக் காதுகள். காதைத் தொங்கவிட்டே எடுத்திருக்கலாமே, நுனி கீழே வந்திருக்குமே என்று அண்ணாச்சி கேட்டார். கறுப்பு ஆடு, அதன் கறுப்பு உடம்பு மேலே கறுப்புக் காது, கீழே கரிசல் மண். எந்த விளிம்பு எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? அதனால்தான் மாரி காதை அடியில் பிடித்து வானத்துக்கு எதிரே நிமிர்த்தினாள். அறுத்த விளிம்பு வெளிச்சத்தில் நூல்போலத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது, பிலிமுக்குத் தெரியவில்லை.

நோய் தெரிந்ததும் மருந்து எளிதாகத்தான் தோன்றியது. இரண்டு லென்ஸின் மையத்துக்கும் நடுவே ஸ்கேல் வைத்தேன்: நாலு சென்டிமீட்டரும் இரண்டு மில்லிமீட்டரும். மேல்கண்ணால் பார்த்து முடித்ததும் கேமராவை அவ்வளவு உயரம் நேராகத் தூக்கிவிட்டால் கீழ்க்கண் மேல்கண் இருந்த இடத்துக்கே வந்துவிடும். சாய்க்கக் கூடாது, நேராகத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் அந்த உயரத்துக்குப் பொருளா இல்லை? தீப்பெட்டி மூன்றைப் படுக்கைவாக்கில் அடுக்கினால் கிட்டத்தட்ட அதேதான். வீட்டில் ஒரு சுவர்க் கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தேன். முக்காலியில் கேமரா, குனிந்து பார், தூக்கு, மூன்று தீப்பெட்டியைச் செருகு, அழுத்து. கேமராவின் முதுகைத் திறந்து, உள்ளே எண்ணெய்த் தாளை ஒட்டிப் பார்த்தபோது கடிகாரம் பன்னிரண்டு மணி எண்ணோடு முழுசாக விழுந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை, அடுத்த மாதச் சுருளை அப்பாவிடம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, முக்காலியும் தீப்பெட்டியுமாகக் கண்மாய்க் கரைக்குப் போனோம். கடிகாரத்துக்கும் ஆட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை. காதைப் பிடித்தால் எந்த ஆடு சும்மா நிற்கும்? நான் பார்க்கும்போது நிற்கும். பெட்டியைச் செருகும்போது தலையை உதறும். மறுபடி பெட்டியை உருவி, கீழே இறக்கி, மறுபடி பார்த்து, மறுபடி தூக்கி. அது இடது பக்கம் திரும்பினால் கண்ணாடியில் வலது பக்கம் ஓடும், நான் அதைத் துரத்தி எதிர்ப்பக்கம் கேமராவைத் திருப்புவேன். நாலு படம் வீணானது. ஐந்தாவதுக்குக் கை நீட்டினேன். இரண்டு பெட்டிதான் இருந்தது. மூன்றாவதை ஆடு மென்றுகொண்டிருந்தது, லேபிளோடு.

"ஏட்டி, குச்சி உள்ள இருந்துதா?" என்றாள் மாரி.

"காலிப் பெட்டிதான்."

"அப்பத் தீ பத்தாது. அது வயித்துல போயி ஒரசிப் பாக்கும்" என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னார் பாண்டி. மாரிக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அவள் கையில் இருந்த காதின் விளிம்பில் பொருக்கு தட்டத் தொடங்கிவிட்டது. இன்னொரு சனிக்கிழமை வரைக்கும் அது காத்திருக்காது.

கரையில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டியைத் தின்றதற்கு ஆட்டைத் திட்டிக்கொண்டே, கையிலிருந்த சோளத்தட்டையால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தேன். கீறியது முக்கோணமாக வந்தது. ஆட்டை நிறுத்த முடியாது, சரி. கேமராவைத் தூக்க நேரமில்லை, அதுவும் சரி. ஆனால் எவ்வளவு காணாமல் போகும் என்பது ஏற்கெனவே தெரியுமே! அந்தத் தூரத்தில் எப்போதும் அதே அளவு மேலே போகும். போகிற பகுதியை நான் பார்க்காமல் இருந்துவிட்டால் போதாதா? கண்ணாடியில் தெரிகிற பொய்யை மட்டும் மறைத்துவிட்டால்?

மாரியைக் கூப்பிட்டேன். இருவரும் கரிசலில் வடிவொத்த முக்கோணம் போட்டோம். லென்ஸில் பொறித்திருந்த குவியத்தூரம் எழுபத்தைந்து மில்லிமீட்டர். காதின் தூரம் இருநூற்றைம்பது. கண்ணுக்கும் கண்ணுக்கும் நாற்பத்திரண்டு. எனக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள்: "பன்னெண்டு புள்ளி ஆறு. ஒன்னேகால் சென்டிமீட்டர்னு வையி." நோட்டின் ஓரத்தில் அந்த அகலத்துக்கு ஒரு தாள் பட்டை கிழித்தோம். ஒட்டப் பசை இல்லை. உடைமரத்தில் வழிந்திருந்த பிசினைப் பல்லால் கடித்து ஈரப்படுத்தினாள். குனிந்து பார்க்கிற சதுரக் கண்ணாடியின் எந்த விளிம்பில் ஒட்டுவது என்பதில் ஒரு நிமிடம் சண்டை. மாரி காதுக்கு மேலே விரலை ஆட்டினாள்; விரல், கண்ணாடியில் என்னைவிட்டு விலகிய விளிம்பில் ஆடியது. அங்கே ஒட்டினேன். இனி அந்தப் பட்டைக்கு இந்தப் பக்கம் நுனி தெரிந்தால் நுனி பிலிமிலும் இருக்கும். தூக்குவதும் இல்லை, செருகுவதும் இல்லை. ஆடு தலையை உதறிவிட்டு ஒரு கணம் நிற்கும் பாருங்கள், அந்தக் கணம் போதும்.

மிச்சம் எட்டுப் படம், நாலு ஆடு. ஆட்டுக்கு இரண்டு.

திங்கட்கிழமை செல்லையா அண்ணாச்சி இருட்டறையிலிருந்து வெளியே வரக் கொஞ்சம் தாமதமானது. வந்தவர் படங்களை மேசையில் பரப்பிவிட்டு ஒரு படத்தை மட்டும் தன் பக்கம் இழுத்துவைத்துப் பார்த்தார். எட்டிலும் நுனி இருந்தது. நேராக அறுத்த பச்சை விளிம்பு. அதன் நடுவே, அறுப்புக்குத் தப்பிய பழைய பிளவின் அடி, அரிசிக் குறுணை அளவுக்கு, ஓரமெல்லாம் மயிர் முளைத்து. புது வெட்டில் மயிர் இருக்காது. பழைய வெட்டில்தான் இருக்கும்.

கொடை முடிந்த மறுநாள் காலை கோயில் வேம்படியில் கூட்டம். நாலு ஆட்டையும் கீதாரி ஓட்டிவந்து கட்டியிருந்தார். நினைத்தபடியே காதெல்லாம் ஆறி மயிர் மூடியிருந்தது. பள்ளிச் சீருடையோடு வந்து நின்ற எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "பொட்டப்பிள்ளையளுக்கு ஊர்க்கூட்டத்துல என்ன சோலி?" என்று ஒருவர் கேட்டார். "ஆடு எங்க ஆடு, மாமா. சோலி எங்களுக்குத்தான்" என்றாள் மாரி. நான் படங்களைப் பெரியவர் முன்னால் வைத்தேன். கையை முழுசாக நீட்டிப் பிடித்தும் அவருக்கு விளங்கவில்லை. கேமராவின் அட்டையிலிருந்து ப்ளஸ் நாலு கண்ணாடி ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். அதைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"பச்ச வெட்டுதான். நடுவுல பழைய பொளவும் கெடக்கு" என்றார் மெதுவாக.

கீதாரி பதறவே இல்லை. எட்டுப் படத்தையும் வாங்கி, சீட்டுக்கட்டுபோல விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காதக் கொண்டாந்திருக்க, சரி. இந்தக் காதுக்கு உள்ள ஆடு எங்கட்டி? ஊர்ல ஆயிரம் ஆடு நிக்கி. எந்த ஆட்டுக் காத எங்கன வச்சுப் புடிச்சியோ."

கூட்டம் சிரித்தது. நுனியைத் துரத்தித் துரத்தி, படம் முழுக்கக் காதால் நிரப்பி, ஆட்டையே வெளியே விட்டிருந்தேன். அந்தப் பிசகுக்கு மேல்கண்ணும் கீழ்க்கண்ணும் பொறுப்பில்லை, நான்தான் பொறுப்பு.

மாரி படங்களைக் கீதாரி கையிலிருந்து பிடுங்கினாள். கிழக்கே திரும்பி ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்தாள். இரண்டில், காதை நிமிர்த்திய அவள் விரலுக்குக் கீழே, சட்டத்தின் அடிமூலையில், கன்னத்து வெள்ளைக் கோட்டின் தொடக்கம் விழுந்திருந்தது. ஒன்றில் கோடு நடுவே அறுந்து மறுபடி தொடங்கியது. இன்னொன்றில் கோட்டின் மேல் மை தெறித்ததுபோல ஒரு கறுப்புப் புள்ளி. அவள் போய் அந்த இரண்டு ஆட்டின் தாடையைப் பிடித்துப் பெரியவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியோடு எழுந்துபோய் ஆட்டையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"ரெண்டு இவியளுக்கு. மத்த ரெண்டுக்கும் சாட்சி இல்ல" என்று தீர்ப்பானது. இரண்டைத் திருடியவர் மற்ற இரண்டையும்தானே திருடியிருப்பார் என்று நான் கேட்டேன். படத்துல இல்லாதத நாங்க எப்படிச் சொல்ல என்று பெரியவர் என்னையே கேட்டார். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்கு ஒரு கண் மூடிக்கொள்கிறது.

மாரியின் அப்பா இரண்டு கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டு, "பாதிதான வந்திருக்கு. சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். "பத்தாவது பரீச்சைக்கு ரெண்டு மாசந்தான்யா இருக்கு. ரெண்டு ஆடு வந்திருக்கு. மாசத்துக்கு ஒண்ணு. கணக்கு நேராயிட்டுல்லா?" அவர் நிற்காமல் போனார், ஆனால் ஒரு கயிற்றைப் பின்னால் நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை காலை தீப்பெட்டி ஆபீஸ் வண்டி அவள் ஊரில் நின்று பார்த்துவிட்டுப் போனது. அவள் முதல் பஸ்ஸில் ஏறி எனக்கு முன்னால் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

இதெல்லாம் நடந்து எட்டு வருஷம் ஆகப்போகிறது. அந்தக் காட்டில் இப்போது யாரும் கிடை மறிப்பதில்லை. மூட்டை உரம் வந்தபின் கீதாரிகள் தெற்கே போய்விட்டார்கள். காதை யார் வீட்டு வெட்டு என்று பார்த்துச் சொல்ல அந்த ஊரில் இன்று நாலு பேர் தேறினால் அதிகம். மாரி கால்நடை ஆய்வாளர் பயிற்சியில் இருக்கிறாள். காதைப் பிடித்தால் ஆடு உதறும் என்பதை அங்கே யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செல்லையா அண்ணாச்சி ஒற்றை லென்ஸ் கேமராவுக்கு மாறிவிட்டார். பார்க்கிற கண்ணும் படம் பிடிக்கிற கண்ணும் அதில் ஒன்றேதான், உன் தொல்லையெல்லாம் தீர்ந்தது, பழசைத் தூக்கிப்போடு என்கிறார். இயற்பியல் படித்துவிட்டு இன்னும் இந்தப் பெட்டிக்குள் குனிந்துகொண்டிருக்கிறேனே என்று கல்லூரித் தோழிகளுக்கும் வருத்தம்.

தூக்கிப்போடுவதாக இல்லை. தொல்லை தீர்ந்துவிட்டது என்று யார் சொன்னது? பட்டை ஒட்டினால் சட்டத்துக்குள் என்ன விழும் என்பதுதான் சரியாகிறது. பார்வை இன்னும் நாலு சென்டிமீட்டர் மேலேதான் நிற்கிறது. காதுக்குப் பின்னால் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதைப் பட்டை சொல்லாது. இன்னும் நெருங்கி, நாலு விரல் தூரத்துக்குப் போனால் பட்டை கண்ணாடியில் பாதிக்கு மேல் மூடிவிடும். அங்கே தூக்கித்தான் ஆக வேண்டும், அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில். சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றும் கதவுக் கீல் இரண்டும் வாங்கி வைத்திருக்கிறேன். கைப்பிடியை அழுத்தினால் கேமரா சாயாமல் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் எழும்ப வேண்டும், எழும்பி முடிந்த நொடியில் லென்ஸின் ஷட்டர் திறந்து மூட வேண்டும். இதுவரை செய்த இரண்டு மாதிரியும் எழும்பும்போதே நடுங்குகின்றன. மூன்றாவதற்கு ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறேன்.

மார்கழியில் எங்கள் பக்கம் பருத்தி பூக்கும். காலையில் மஞ்சளாக விரிந்து சாயங்காலம் சிவந்துபோகிற அந்தப் பூவுக்குள் இறங்கி ஏறுகிற தேனீ ஆட்டைவிடச் சின்னது, ஆட்டைவிட அவசரக்காரி, காதைப் பிடித்து நிறுத்த ஆள் வைக்கவும் முடியாது. இந்தக் கேமராவால் அது ஆகாது என்று போன வாரம்கூட அண்ணாச்சி சொன்னார். மாரிக்கு லீவு எப்போது என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.